மலைப்பெயர் தாங்கிய இஞ்சின்கள்



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, நடுச்சாமத்தில் கேட்கும் கூட்ஸ் வண்டியின் ஊதல் புதிதன்று. என் சிறு வயதில் எங்கள் தோட்டத்து எல்லையை ஒட்டித்தான் கம்பிச் சடக்கு போயிற்று. இருட்டில் வண்டி மேட்டில் ஏறும்போது இஞ்சின் மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்கும். "பாவம், பாரம் தாங்கவில்லை போலிருக்கிறது" என்று அம்மா சொல்வார், ஏதோ மாட்டைப் பற்றிச் சொல்வதைப்போல. பிள்ளைகள் நாங்கள் பெட்டிகளின் தடதடப்பை எண்ணுவோம். முப்பதைத் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

அந்தப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அதாவது மூன்றேகால் அடிக்குச் சற்று அதிகம். நம் பாட்டன் பாட்டிமாரை நாகப்பட்டினத்துக் கப்பலடிக்குக் கொண்டுவந்து சேர்த்த தென்னிந்திய ரயில்பாதையும் அதே அகலந்தான். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்ப் போடவைத்த சயாம் மரண ரயில்பாதையும் அதே அகலந்தான். தோட்டத்துத் தமிழன் எங்கே போனாலும் இந்த மூன்றேகால் அடி அவனைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

இவ்வளவு ஒடுங்கிய பாதையில் எவ்வளவு பெரிய நீராவி இஞ்சினை ஓட்டமுடியும்? இந்தக் கேள்விக்கு மனிதன் கண்ட மிகப் பெரிய விடை நம் நாட்டில் இல்லை, இந்தியாவிலும் இல்லை. அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், கென்யா நாட்டில் இருக்கிறது. கிழக்காப்பிரிக்க ரயில்வேயின் 59ஆம் வகுப்பு இஞ்சின்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ 252 டன். மீட்டர் பாதையில் ஓடிய நீராவி இஞ்சின்களில் இவற்றைவிடப் பெரியது உலகில் வேறு எங்கும் இருந்ததில்லை. இன்று அந்த இஞ்சின்களின் கதையைப் பார்ப்போம். ஆனால் இஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பாதையைப் பார்க்கவேண்டும். பாதையைப் போட்டவர்களையும் பார்க்கவேண்டும்.

இந்துமாக் கடலோரத்தில் மொம்பாசா என்றொரு துறைமுகம். அங்கிருந்து உள்நாட்டில் இருக்கும் விக்டோரியா ஏரி வரைக்கும் ஓர் இருப்புப்பாதை போடப் பிரிட்டிஷ் அரசாங்கம் முடிவு செய்தது. 1896ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. நீளம் 582 மைல். ஏரிக்கு அப்பால் இருக்கும் உகாண்டா நாட்டைக் கைக்குள் வைத்துக்கொள்வதே நோக்கம். ஆகவே அதற்கு உகாண்டா ரயில்வே என்று பெயர் வைத்தார்கள். பாதை முழுவதும் ஓடியதோ இன்றைய கென்யா நாட்டு மண்ணில். இவ்வளவு பணத்தைக் காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதா என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே சிலர் கேலி பேசினார்கள். 'பைத்தியக்காரப் பாதை' என்றுகூட அதற்குப் பட்டப்பெயர் ஏற்பட்டது.

பாதையின் அகலம் ஏன் ஒரு மீட்டர் ஆயிற்று? இந்தியாவில் அந்த அகலத்தில் இஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் தயாராகக் கிடைத்தன. பாதை போடத் தெரிந்த ஆட்களும் அங்கே கிடைத்தார்கள். சாமானைப் போலவே ஆட்களையும் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் பஞ்சாப் மாநிலத்துக் கிராமத்தவர். கராச்சித் துறைமுகத்தில் ஏறினார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் என்ன என்று நம் நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

மொம்பாசாவை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் டாரு என்ற வறண்ட முட்காடு வரும். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. வேலை நடக்கும் இடத்துக்குத் தண்ணீரை வண்டியில் கொண்டுபோனார்கள். வண்டி வரத் தாமதமானால் நாக்கு வறண்டு காத்திருக்கவேண்டியதுதான். அதைத் தாண்டினால் மழையும் சேறும். மலேரியாக் காய்ச்சல், சீதபேதி, காலில் புகுந்து முட்டையிடும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி, ஆறாத புண்கள். இவற்றோடு சாவோ என்ற ஆற்றங்கரையில் 1898ஆம் ஆண்டு இரண்டு சிங்கங்கள் மனித மாமிசத்துக்குப் பழகிவிட்டன. பாலம் கட்டிக்கொண்டிருந்தவர்களை இரவு நேரத்தில் கூடாரத்துக்குள் புகுந்து இழுத்துப் போயின. ஆட்கள் மிரண்டுபோய் ஓட, வேலை சில வாரங்கள் நின்றே போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பேட்டர்சன் என்ற பொறியாளர் இரண்டையும் சுட்டுக் கொன்றார். பிறகு அதைப்பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சிங்கங்களின் தோலைப் பாடம் செய்து அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் காட்சிச்சாலையில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சிங்கத்தின் வாயில் போன இந்தியத் தொழிலாளர் 28 பேர் என்று பேட்டர்சன் எழுதினார். பாதை வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மொத்தம் 31,983 பேர். அவர்களில் இறந்தவர் 2,493 பேர். நோயிலும் விபத்திலும் உடல் கெட்டு வேலைக்கு ஆகாதவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர் 6,454 பேர். மைலுக்கு நான்கு பிணம் என்று கணக்கு வருகிறது. சிங்கத்தைப் பற்றிப் பேசுகிற உலகம் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. காய்ச்சலுக்குப் பிடரிமயிர் இல்லையல்லவா!

இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். செத்தவர் இத்தனை பேர் என்று கடைசி ஆள் வரைக்கும் எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். சயாமுக்குப் போன நம்மவர்களுக்கு அந்தத் தாள்கூட இல்லை. இன்றைக்கும் ஆளுக்கொரு மதிப்பீடுதான் சொல்கிறார்கள்.

பாதை 1899ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சதுப்பு நிலத்தை அடைந்தது. மேலே மலை ஏறுவதற்கு முன் சாமான்களைச் சேர்த்துவைக்க அங்கே ஒரு முகாம் போட்டார்கள். அந்த முகாம்தான் நைரோபி. இன்று கென்யாவின் தலைநகரம். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி தண்டவாளம் ஏரிக்கரையைத் தொட்டது. கடைசி ஆணியை அடித்தவர் பொறியாளர் ஒருவரின் மனைவி. அவர் பெயரையே அந்தத் துறைக்கும் வைத்து 'போர்ட் புளோரன்ஸ்' என்றார்கள். பிற்காலத்தில் அது கிசுமு ஆயிற்று. அந்நாட்டு மக்களில் நந்தி இனத்தார் தங்கள் நிலத்தில் இந்தப் பாதை வருவதை எதிர்த்து 1905ஆம் ஆண்டு வரைக்கும் போரிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். பாதைக்கு நிலம் கொடுத்தவர்களைக் கேட்டுக்கொண்டு யாரும் நிலம் எடுக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். ஏறத்தாழ 6,700 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். சிலர் கடை வைத்தார்கள். சிலர் தச்சு வேலை, இரும்பு வேலை செய்தார்கள். பலர் ரயில்வேயிலேயே கிளார்க்காகவும், ஸ்டேஷன் மாஸ்டராகவும், பட்டறைத் தொழிலாளியாகவும், இஞ்சின் டிரைவராகவும் அமர்ந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி இஞ்சினுக்கு வருவோம்.

கடல் மட்டத்தில் இருக்கிறது மொம்பாசா. நைரோபியோ 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இடையில் 330 மைல். ஆகவே துறைமுகத்தை விட்டுப் புறப்படும் வண்டி நைரோபி போய்ச் சேரும் வரைக்கும் ஏறிக்கொண்டே போகவேண்டும். சில இடங்களில் 66 அடி முன்னே போனால் ஓர் அடி உயரும். நடந்து போகிறவனுக்கு இது ஒரு மேடாகவே தெரியாது. ஆயிரம் டன் பாரத்தை இழுக்கிற இஞ்சினுக்கு இது மலை.

மேட்டில் பெரும்பாரம் இழுக்கவேண்டுமானால் இஞ்சினும் கனமாக இருக்கவேண்டும். சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடித்தால்தான் இழுக்கமுடியும். இல்லையென்றால் நின்ற இடத்தில் சுழன்று வழுக்கும். ஆனால் கனமான இஞ்சினை மெலிந்த தண்டவாளம் தாங்காது. ஆரம்பத்தில் போட்ட தண்டவாளம் கஜத்துக்கு 50 ராத்தல் எடையுள்ளது. அது மெலிந்த கம்பிதான். அவசர அவசரமாக, செலவைக் குறைத்துப் போட்ட பாதை. வளைவுகளோ ஏராளம். பாதை ஒடுங்கியது என்பதால் கொதிகலனைப் பருமனாக்கவும் வழியில்லை. சாதாரண இஞ்சினில் கொதிகலன் சக்கரங்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் நெருப்புப் பெட்டி சக்கரங்களுக்கு இடையே அகப்பட்டுக்கொள்கிறது. பெரிய அடுப்பு வைக்க இடம் இல்லை. பெரிய அடுப்பு இல்லாவிட்டால் நிறைய நீராவி இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எர்பர்ட் வில்லியம் காரட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். காரட் என்றதும் கறிக்கடைக் காரட் ஞாபகத்துக்கு வரவேண்டாம். இது மனிதரின் பெயர். 1907ஆம் ஆண்டு அவர் ஒரு புதுவகை இஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார்.

அவருடைய யோசனை நம் கண்ணெதிரே தினமும் நடக்கிற ஒன்றுதான். பெரிய மூட்டையை ஒருவன் தலையில் தூக்கினால் கால் தள்ளாடும். அதே மூட்டையை ஒரு தடியில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனுமாகத் தடியைத் தோளில் வைத்துத் தூக்கினால் எப்படி இருக்கும்? பாரம் இருவருக்கும் பங்காகிவிடுகிறது. ஒற்றையடிப் பாதை வளைந்தால் முன்னவன் முதலில் திரும்புவான், பின்னவன் பிறகு திரும்புவான். மூட்டை நடுவில் ஆடாமல் போகும். காரட் இஞ்சினும் அப்படித்தான். முன்னால் ஒரு சக்கர வண்டி, பின்னால் ஒரு சக்கர வண்டி. இரண்டுக்கும் தனித்தனியே சிலிண்டர்கள் உண்டு. முன்வண்டியின் மேல் தண்ணீர்த் தொட்டி. பின்வண்டியின் மேல் எரிபொருளும் இன்னும் கொஞ்சம் தண்ணீரும். இந்த இரண்டு ஆட்களுக்கும் நடுவே, பல்லக்கைப்போலத் தொங்குகிறது கொதிகலன். அதன் அடியில் சக்கரமே இல்லை. ஆகவே அதை எவ்வளவு பருமனாகவும், அடுப்பை எவ்வளவு அகலமாகவும் ஆழமாகவும் வேண்டுமானாலும் வைக்கலாம். எடையும் நிறையச் சக்கரங்களுக்குப் பிரிந்துவிடுவதால் மெலிந்த தண்டவாளமும் தாங்கும்.

முதல் காரட் இஞ்சினை மான்செஸ்டர் நகரத்துப் பேயர் பீகாக் தொழிற்சாலை 1909ஆம் ஆண்டு செய்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மேனியாத் தீவில் இரண்டடி அகலமே உள்ள ஒரு சின்னப் பாதைக்காகச் செய்தார்கள். காரட் 1913ஆம் ஆண்டு இறந்துபோனார். தம் யோசனை எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அவர் பார்க்கவில்லை.

கிழக்காப்பிரிக்காவுக்கு முதல் காரட் இஞ்சின்கள் வந்தது 1926ஆம் ஆண்டு. அந்த 50 ராத்தல் தண்டவாளத்தின்மேலேயே அவை ஓடின. பாதைக்கு ஏற்ற இஞ்சின் இதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. பிறகு மேலும் மேலும் வாங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மொம்பாசாத் துறைமுகத்தில் சரக்கு மலைபோலக் குவிந்தது. கப்பலில் வந்த யந்திரங்களும் எண்ணெயும் மேலே போகவேண்டும். தேயிலை, காப்பி, கற்றாழை நார், பருத்தி, மகாடி ஏரியில் வெட்டிய சோடா உப்பு எல்லாம் கீழே வரவேண்டும். பெரும்பாலும் தோட்டத்துச் சரக்குகள்தாம். வண்டி போதவில்லை. ஒற்றைப் பாதை, இன்னொரு பாதை போடப் பணம் இல்லை. அப்படியானால் ஒவ்வொரு வண்டியும் இன்னும் அதிகப் பாரம் இழுத்தாகவேண்டும். மொம்பாசா நைரோபிப் பகுதியில் கனத்த தண்டவாளங்களை மாற்றிப் போட்டார்கள். பேயர் பீகாக் தொழிற்சாலையிடம் புதிய இஞ்சின்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். 1955, 1956ஆம் ஆண்டுகளில் 34 இஞ்சின்கள் வந்து இறங்கின. அவைதாம் 59ஆம் வகுப்பு.

அளவுகளைச் சொல்கிறேன், மனக்கண்ணில் பாருங்கள். நீளம் 104 அடி. லயத்தில் வீட்டுக்குப் பத்தடி என்று வைத்தால், பத்துக் கதவு லயம் ஒன்று எழுந்து சக்கரத்தில் ஓடுவதைப்போல. மொத்தம் 28 சக்கரங்கள். அவற்றில் இழுக்கும் சக்கரங்கள் முன்னால் எட்டு, பின்னால் எட்டு. இழுக்கும் அச்சு ஒவ்வொன்றும் தண்டவாளத்தை அழுத்தும் எடை ஏறத்தாழ 21 டன். கொதிகலனின் குறுக்களவு ஏழரை அடி. தண்டவாள அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அடுப்பின் தளம் 72 சதுர அடி. நம்மில் சிலர் அதைவிடச் சின்ன அறையில் குடும்பம் நடத்தியிருக்கிறோம். தொட்டியில் 8,000 காலனுக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும். இழுவை விசை 83,350 ராத்தல். 66 அடிக்கு ஓர் அடி உயரும் அந்த மேட்டில், 1,200 டன் எடையுள்ள வண்டியை ஒரே இஞ்சின் இழுத்துச் சென்றது. நூறு கிலோ அரிசி மூட்டையாகக் கணக்கிட்டால் 12,000 மூட்டைக்கும் மேல்.

இத்தனை பெரிய அடுப்புக்கு ஒருவன் மண்வாரி பிடித்து நிலக்கரி போட்டு மாளாது. அதனால் எண்ணெய் எரித்தார்கள். இந்தப் பாதையில் தொடக்க காலத்தில் விறகு எரித்ததுண்டு. அதற்காகவே பாதையோரமாக யூக்கலிப்டஸ் மரங்களை நட்டு வளர்த்திருந்தார்கள். 59ஆம் வகுப்பில் கெட்டியான எண்ணெயைச் சூடாக்கி இளக்கி, நீராவியால் தூற்றலாக அடுப்புக்குள் பீச்சினார்கள். பயர்மேனுக்கு முதுகுவலி குறைந்தது. கண்ணுக்கு வேலை கூடியது. புகை கறுத்தால் எண்ணெய் அதிகம், புகையே இல்லாவிட்டால் எண்ணெய் போதாது. மேடும் பள்ளமும் பார்த்து வால்வைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

குறையே இல்லாத யந்திரம் உண்டா? காரட் இஞ்சினுக்கும் ஒரு குறை உண்டு. தண்ணீரும் எண்ணெயும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், அவை செலவாகச் செலவாகச் சக்கரத்தின் பிடி தளரும். புறப்படும்போது கம்பீரமாக ஏறிய இஞ்சின், தொட்டி வற்றும் நேரத்தில் ஒரு சின்ன மேட்டில் வழுக்கும். அப்போது தண்டவாளத்தில் மணல் தூவி, நீராவியை அடக்கி, பதமாகக் கிளப்பவேண்டும். அது புத்தகத்தில் படித்து வருவதில்லை. பால்மரம் சீவுகிறவர்களின் கைக்கு மரப்பட்டை தெரிகிற மாதிரி, டிரைவரின் கைக்குத் தெரியவேண்டும்.

அந்தக் கைகள் யாருடையவை? இங்கேதான் நான் உங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம் வருகிறது. 59ஆம் வகுப்பை ஓட்டியவர்களில் பலர் தலைப்பாகை கட்டிய சீக்கியர்கள். பாதை போட வந்த பஞ்சாபியரின் வழியில் வந்த சமூகத்தார். தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட இஞ்சினை அவர்கள் வீட்டு விளக்கைப்போலத் துலக்கி வைத்தார்கள். செந்நிற வண்ணம் பளபளக்கும். பித்தளையும் செம்புக் குழாயும் முகம் பார்க்கலாம் போலிருக்கும். டிரைவர் நிற்கும் கூண்டுக்குள் ஏறிப் பார்த்த வெளிநாட்டார், கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று வியந்திருக்கிறார்கள். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மண் வெட்ட வந்தவர்களின் இனத்தார், அதே பாதையில் உலகத்தின் மிகப் பெரிய மீட்டர் பாதை இஞ்சினைப் பிடித்து ஓட்டினார்கள். டாரு முட்காட்டை, தண்ணீருக்குத் தவித்த இடத்தை, ஆயிரக்கணக்கான காலன் தண்ணீரைச் சுமந்துகொண்டு தாண்டினார்கள். சாவோப் பாலத்தின் மேல், சிங்கம் இழுத்துப்போன இடத்தில், பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு இரவு முழுவதும் ஓட்டினார்கள்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லி மறைக்க நான் விரும்பவில்லை. அந்த ரயில்வேயில் வெள்ளைக்காரருக்கு ஒரு படி, இந்தியருக்கு ஒரு படி, ஆப்பிரிக்கருக்கு ஒரு படி என்று மூன்று படியாகச் சம்பளமும் வீடும் பதவியும் வகுத்திருந்தார்கள். அந்த மண்ணுக்கு உரியவர் கடைசிப் படியில் நின்றார். 1947ஆம் ஆண்டு சனவரியில் மொம்பாசா நகரத்தில் துறைமுகத் தொழிலாளர், ரயில்வேத் தொழிலாளர் உட்பட ஆயிரக்கணக்கானோர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரமே ஸ்தம்பித்தது. நடுப்படியில் நின்ற இந்தியர் மேலே பார்த்து ஏங்கினாரே தவிர, கீழே கையை நீட்டியவர் குறைவு. 1963ஆம் ஆண்டு கென்யா சுதந்திரம் அடைந்தபின் ஆப்பிரிக்க டிரைவர்கள் 59ஆம் வகுப்பின் கூண்டில் ஏறினார்கள். ஓட்டுவதில் அவர்களும் சளைத்தவர்கள் அல்லர் என்பது விரைவிலேயே தெரிந்தது.

அதே காலத்தில் இந்திய வம்சாவளியினர் பலருக்கு ஊர் நிலைக்கவில்லை. கென்யாக் குடியுரிமை பெறாதவர்கள் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலை செய்ய அனுமதி கேட்டு நிற்கவேண்டியதாயிற்று. கையில் இருந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நம்பி லண்டனுக்குக் கிளம்பினார்கள். 1968ஆம் ஆண்டு அந்தக் கதவையும் பிரிட்டிஷ் அரசாங்கம் பாதி சாத்திவிட்டது. பக்கத்து உகாண்டாவில் இதி அமீன் 1972ஆம் ஆண்டு மூன்று மாதத் தவணை கொடுத்து ஆசியர்களை விரட்டினார். சிவப்பு அடையாளக் கார்டும் வேலைப் பெர்மிட்டும் என்ன பாடு படுத்தின என்பது நம் தோட்டங்களில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

இஞ்சின்களுக்கும் அதே சமயத்தில் காலம் மாறிக்கொண்டிருந்தது. டீசல் இஞ்சின்கள் வந்தன. 59ஆம் வகுப்பைக் கட்டிய பேயர் பீகாக் தொழிற்சாலையே 1966ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதைவிடவும் பெரிய ஓர் இஞ்சினுக்குப் படம் போட்டு வைத்திருந்தார்கள். அது தாளோடு நின்றுபோனது. நீராவி இஞ்சினுக்குத் துணைப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1973ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொன்றாக வேலையை விட்டு நீக்கினார்கள். 1977ஆம் ஆண்டு கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளின் கூட்டு முறிந்தது. அதோடு பொதுவாக இருந்த கிழக்காப்பிரிக்க ரயில்வேயும் மூன்றாகப் பிரிந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தைப் பிரிப்பதுபோல இஞ்சின்களையும் பெட்டிகளையும் பிரித்தார்கள். 1980ஆம் ஆண்டோடு 59ஆம் வகுப்பின் உழைப்பு முடிந்தது. மற்றவற்றை வெட்டி இரும்பாக விற்றுவிட்டார்கள்.

மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையே 2017ஆம் ஆண்டு சீன நிறுவனம் ஒன்று கட்டிய புதிய அகலப் பாதை திறக்கப்பட்டது. நான்கடி எட்டரை அங்குல அகலம். பயணிகள் வண்டி அதில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் போய்விடுகிறது. சாவோப் பகுதியில் யானைகள் அடியில் புகுந்து போகட்டும் என்று அந்தப் பாதையை மேடாக்கி, வழிகள் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பழைய மூன்றேகால் அடிப் பாதையும் அதன் அருகிலேயே கிடக்கிறது.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. 34 இஞ்சின்களுக்கும் எண்ணோடு பெயரும் வைத்திருந்தார்கள். ராஜா பெயர் இல்லை, கவர்னர் பெயர் இல்லை. எல்லாம் கிழக்காப்பிரிக்க மலைகளின் பெயர்கள். 5901ஆம் எண்ணுக்கு மவுண்ட் கென்யா. 5902ஆம் எண்ணுக்கு ரூவன்சோரி மலைகள். 5928ஆம் எண்ணுக்குக் கிளிமஞ்சாரோ. அவை ஒன்றும் மிஞ்சவில்லை. நைரோபி ரயில்வேக் காட்சிச்சாலையில் இன்று இருப்பவை இரண்டே இரண்டு: 5918 மவுண்ட் கேலாய், 5930 மவுண்ட் ஷெங்கேனா. அவ்வளவாகப் பேர்பெறாத மலைகள். ஆப்பிரிக்காப் படத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும்: அந்த இரண்டு மலைகளும் கென்யாவில் இல்லை. எல்லைக்கு அப்பால், தான்சானியாவில் இருக்கின்றன.